காத்திருப்பவரின் கடிகாரம்

தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியான குவெரி மெதுவாக ஓடினால் அதைத் தேடிப் பிடித்துச் சரிசெய்வது இன்று தனித் தொழில். அதற்கென்று கருவிகளும் நூல்களும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். 1960களில் அப்படி ஒரு தொழிலே கிடையாது. அன்றைய நிரல்கள் வேகமாக ஓடின என்பது அதற்குக் காரணமல்ல. தரவை எந்த வழியாகப் போய் எடுப்பது என்பதை நிரல் எழுதியவரே அடியடியாக எழுதிவைத்திருந்தார். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் சார்லஸ் பாக்மன் உருவாக்கிய ஐடிஎஸ்ஸிலும், அப்போலோ திட்டத்து ராக்கெட்டின் உதிரிபாகப் பட்டியலைக் கையாள ஐபிஎம்மும் ராக்வெல்லும் சேர்ந்து உருவாக்கிய ஐஎம்எஸ்ஸிலும் இதுதான் நடைமுறை. ஒரு பதிவிலிருந்து அடுத்த பதிவுக்கு, அங்கிருந்து அதன் கிளைப் பதிவுக்கு என்று இயந்திரத்தை நடத்திப் போவது நிரலரின் பொறுப்பு. 1973இல் டூரிங் விருது ஏற்புரையில் பாக்மன் நிரலரைத் தரவுக் கடலில் வழி தேடும் மாலுமியாகவே வர்ணித்தார். வேலை மெதுவானால் எழுதிய நிரலைத் திறந்து படித்தால் போதும். போன வழி கண்ணெதிரே எழுதிக் கிடந்தது.

இந்த ஏற்பாட்டை மாற்றியது ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரை. தரவை எளிய அட்டவணைகளாக வைத்துக்கொள்ளலாம், என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கலாம், எப்படி எடுப்பது என்பதை இயந்திரமே பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். 1974இல் மிச்சிகனின் ஆன் ஆர்பரில் காட் தரப்பும் பாக்மன் தரப்பும் நேருக்கு நேர் விவாதித்தன. கணித அழகு காட்டின் பக்கம் இருந்தது என்பதைப் பலர் ஏற்றார்கள். தன் தரவை நன்கு அறிந்த ஒரு நிரலர் தேர்ந்தெடுக்கும் வழியைவிட இயந்திரம் நல்ல வழியைத் தேர்ந்தெடுத்துவிடுமா என்பதுதான் அன்று நின்ற நடைமுறைக் கேள்வி. காட்டின் தரப்பு உலகை வென்றது, வென்றது நியாயமும்கூட. ஆனால் அந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. வழியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்போடு, போன வழி இன்னது என்று தெரிந்திருக்கும் வசதியும் மனிதனின் கையைவிட்டுப் போனது. மெதுவான குவெரியைத் தேடும் தொழில் அந்த இழப்பிலிருந்து பிறந்தது. இயந்திரம் எவ்வளவு மும்முரமாக இருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தவரை அந்தத் தொழில் தடுமாறியது. காத்திருப்பவரின் நேரம் எங்கே போனது என்று அளக்கத் தொடங்கிய பிறகே அது முதிர்ந்தது. இந்த வரலாற்றில் நான் காண்பது இதைத்தான்.

முதலில் அந்த விலை எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும். காட்டின் கருத்தைச் செயல்படுத்திக் காட்ட ஐபிஎம் தொடங்கிய சிஸ்டம் ஆர் திட்டத்தில், பாட்ரிசியா செலிஞ்சரும் சகாக்களும் 1979இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குவெரிக்கு வழியைத் தேர்ந்தெடுக்கும் நிரல்களான இன்றைய ஆப்டிமைசர்களில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதை அது. ஒரு குவெரிக்குப் பல வழிகள் இருக்கும். ஒவ்வொரு வழிக்கும் எத்தனை டிஸ்க் பக்கங்களைப் படிக்க வேண்டும், எத்தனை வரிகளைக் கையாள வேண்டும் என்று கணக்கிட்டுக் குறைந்த செலவுள்ளதை எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு, குவெரியில் உள்ள ஒரு நிபந்தனை எத்தனை வரிகளைத் தேர்ந்தெடுக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாத இடங்களுக்கு அவர்கள் சில ஊகங்களை வைத்தார்கள். தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ் இல்லாத ஒரு பத்தியில் 'இதற்குச் சமம்' என்ற நிபந்தனை இருந்தால் பத்தில் ஒரு பங்கு வரிகள் தேறும். 'இதைவிடப் பெரியது' என்று இருந்து மதிப்பைக் கணிக்க வழியில்லாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு தேறும். 'இதற்கும் அதற்கும் இடையில்' என்றால் நான்கில் ஒரு பங்கு. மூன்றில் ஒரு பங்கு என்ற எண்ணுக்குத் தனிப் பொருள் எதுவும் இல்லை என்பதையும் அவர்கள் நேர்மையாக எழுதிவைத்தார்கள். திறந்த மூலத் தரவுத்தளமான இன்றைய போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் மூல நிரலிலும் புள்ளிவிவரம் கைகொடுக்காத இடத்தில் பயன்படுத்த 0.3333 என்ற அதே எண் காத்திருக்கிறது.

ஊகங்களைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் அந்தக் கட்டுரையில் இருந்தது. இரண்டு நிபந்தனைகள் சேர்ந்து வந்தால் அவற்றின் விகிதங்களைப் பெருக்கிவிட வேண்டும் என்பது விதி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால்தான் அது சரி. ஊர் 'சென்னை', மாநிலம் 'தமிழ்நாடு' என்று இரண்டு நிபந்தனைகள் வருவதாக வைத்துக்கொள்வோம். அட்டவணையில் பத்தில் ஒருவர் சென்னைக்காரர், பத்தில் இருவர் தமிழ்நாட்டுக்காரர் என்றால் ஆப்டிமைசர் 100க்கு 2 பேர் என்று கணக்குப் போடும். சென்னைக்காரர் எல்லோருமே தமிழ்நாட்டுக்காரர்தான் என்பதால் உண்மையான விடை 100க்கு 10. ஐந்து மடங்குப் பிழை சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இந்த விடையை வைத்துக்கொண்டு அடுத்த அட்டவணையோடு சேர்க்கும்போதும், அதை மூன்றாவது அட்டவணையோடு சேர்க்கும்போதும் பிழை பெருகிக்கொண்டே போகும். சேர்க்கும் அட்டவணைகள் கூடக் கூடப் பிழை அடுக்கேற்றமாக வளரக்கூடும் என்று 1991இல் யானிஸ் இயோனிடிஸும் ஸ்டாவ்ரோஸ் கிறிஸ்டோடுலாகிஸும் நிறுவினார்கள். 2015இல் மியூனிக்கைச் சேர்ந்த விக்டர் லைஸும் சகாக்களும் ஐஎம்டிபி திரைப்படத் தரவை வைத்துப் பல தரவுத்தளங்களைச் சோதித்தபோது, பல அட்டவணைகளைச் சேர்க்கும் குவெரிகளில் மதிப்பீடு ஆயிரம் மடங்குக்கு மேல் தவறுவதும் வழக்கமாகவே நடப்பதாகக் கண்டார்கள். 1979இன் கட்டுரைக்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகும் அடிப்படைச் சிக்கல் தீரவில்லை.

இந்தப் பிழை காத்திருப்பாக மாறும் விதத்தைச் சற்று அருகில் நின்று பார்க்கலாம். முதல் அட்டவணையிலிருந்து 10 வரிகள்தான் வரும் என்று ஆப்டிமைசர் நினைத்தால், ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை இரண்டாவது அட்டவணைக்குப் போய்த் தேடும் நெஸ்டட் லூப் வழியைத் தேர்ந்தெடுக்கும். 10 வரிகளுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. உண்மையில் வருவது 2 லட்சம் வரிகள் என்றால் இரண்டாவது அட்டவணைக்கு 2 லட்சம் முறை போய்வர நேரும். இரண்டு அட்டவணைகளையும் தலா ஒருமுறை மட்டும் படித்து முடித்துவிடும் ஹாஷ் ஜாயின் வழி பக்கத்திலேயே இருந்திருக்கும். தவறான எண்ணிக்கை அதை மறைத்துவிட்டது. இங்கே குவெரி எழுதியவர் பிழை எதுவும் செய்யவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி; கிடைப்பதும் சரியான விடை. பிழை, அவர் பார்க்காத இடத்தில், அவர் சார்பாக எடுக்கப்பட்ட ஒரு முடிவில் இருக்கிறது. இதனால்தான் ஆப்டிமைசர் எதை நினைத்தது என்பதை மட்டும் சொல்லும் எக்ஸ்பிளெயின் போதாமல் போய், 2002இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் 7.2இல் எக்ஸ்பிளெயின் அனலைஸ் வந்தது. அது குவெரியை உண்மையாகவே ஓட்டி, ஒவ்வொரு படியிலும் நினைத்த எண்ணிக்கையையும் நடந்த எண்ணிக்கையையும் ஒரே வரியில் காட்டியது. எந்தப் படியில் இந்த இரண்டும் பிரிகின்றனவோ அங்கே கைவைக்க வேண்டும் என்பது இன்றுவரை இந்தத் தொழிலின் முதல் பாடம்.

ஆனால் எக்ஸ்பிளெயினை எந்தக் குவெரியின்மேல் ஓட்டுவது? ஆயிரக்கணக்கான குவெரிகள் ஓடும் ஒரு தரவுத்தளத்தில் குற்றவாளியை எப்படிக் கண்டுபிடிப்பது? 1980களிலும் 1990களிலும் இதற்குப் பரவலாகக் கிடைத்த விடை விகிதங்கள். அவற்றில் புகழ்பெற்றது பஃபர் கேஷ் ஹிட் ரேஷியோ. தேவைப்பட்ட தரவில் எத்தனை சதவீதம் டிஸ்க்குக்குப் போகாமல் நினைவகத்திலேயே கிடைத்தது என்பதை அது சொல்லும். 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நலம், குறைந்தால் நினைவகத்தைக் கூட்ட வேண்டும் என்பது அன்றைய தரவுத்தள நிர்வாகிகளின் வாய்ப்பாடு. ஆரக்கிள் தரவுத்தளத்தின் செயல்திறன் அறிக்கைகளில் இந்த விகிதம்தான் முதலில் பார்க்கப்பட்டது. அந்தக் காலத்தவரை இதற்காகக் குறைசொல்ல முடியாது. டிஸ்க் ஒருமுறை படிக்கப் பல மில்லிவினாடிகள் எடுத்தது. நினைவகம் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகம். நினைவகத்தின் விலையோ மிக அதிகம். டிஸ்க்கைத் தவிர்ப்பதே வேகம் என்பது அன்று பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது.

இருந்தும் அந்த அளவுகோல் தவறானது. அது தவறு என்பதைப் பயன்பாட்டிலிருந்தே நிரூபிக்க முடியும். தேவையே இல்லாமல் ஒரே பக்கங்களை நினைவகத்தில் கோடிக்கணக்கான முறை திரும்பத் திரும்பப் படிக்கும் மோசமான குவெரி, ஹிட் ரேஷியோவை உயர்த்தும், குறைக்காது. நல்ல இன்டெக்ஸ் ஒன்றைச் சேர்த்து அந்த வீண் படிப்புகளை நீக்கினால் பயனருக்குப் பதில் உடனே வரும். ஆனால் விகிதம் சரிந்துபோகும். ஆக, நோய் தீரும்போது மோசமாகும் ஓர் அளவை ஆரோக்கியத்தின் அடையாளமாக வைத்திருந்தார்கள். ஆரக்கிள் வல்லுநர் கானர் மெக்டொனால்ட் இதை எல்லோருக்கும் புரியும்படி செய்துகாட்டினார். எந்த விகிதம் வேண்டும் என்று கேட்டு, அதை எட்டும்வரை பயனற்ற படிப்புகளை ஓட்டிக்கொண்டே இருக்கும் ஒரு சிறு நிரலை அவர் வெளியிட்டார். தரவுத்தளம் துளியும் வேகமாகாமல் விகிதம் மட்டும் விரும்பிய உயரத்துக்குப் போயிற்று. 99 சதவீதத்தைத் தாண்டிய ஹிட் ரேஷியோ மகிழ்ச்சிக்குரியதல்ல, சந்தேகத்துக்குரியது என்று மற்றொரு ஆரக்கிள் வல்லுநரான கேரி மில்சாப் 2001இல் விரிவாக எழுதினார். வீணாக உழைக்கும் இயந்திரமும் பயனாக உழைக்கும் இயந்திரமும் விகிதத்தில் ஒன்றாகவே தெரிகின்றன. எந்த வேலைக்காக, யாருக்காக அது ஓடுகிறது என்ற கேள்வி விகிதத்தில் இல்லவே இல்லை.

அந்தக் கேள்வியை உள்ளே கொண்டுவந்தது நேரம். 1992இல் வந்த ஆரக்கிள் 7இல் ஒரு புதிய வசதி சேர்ந்தது. குவெரி எந்தக் கணத்தில் எதற்காகக் காத்திருக்கிறது, எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று தரவுத்தளமே குறித்துவைத்தது: டிஸ்க்கிலிருந்து பக்கம் வருவதற்கா, வேறொருவர் போட்ட பூட்டு விடுபடுவதற்கா, லாக் கோப்பு எழுதி முடிவதற்கா. 1990களில் அன்யோ கோல்க் இதிலிருந்து ஒரு முறையை வகுத்தார். அதன் அடித்தளம் ஒரே ஒரு சமன்பாடு. பதில் வர ஆகும் நேரம் என்பது வேலை செய்த நேரமும் காத்திருந்த நேரமும் சேர்ந்தது. அந்த இரண்டையும் பிரித்து, பெரிய பங்கு எதுவோ அதிலிருந்து தொடங்க வேண்டும். மில்சாப்பும் ஜெஃப் ஹோல்ட்டும் 2003இல் எழுதிய நூல் இதை மேலும் ஒரு படி கொண்டுபோனது: முழுத் தரவுத்தளத்தின் சராசரியைப் பார்க்காதே, நிறுவனத்துக்கு முக்கியமான ஒரு குறிப்பிட்ட வேலையை, அதைச் செய்யும் ஒரு குறிப்பிட்ட பயனரின் அமர்வைப் பின்தொடர்ந்து நேரத்தைக் கணக்கிடு என்றது. இந்தச் சிந்தனை வெறுமையிலிருந்து வந்துவிடவில்லை. 1985இலேயே ஜிம் கிரேயும் சகாக்களும் முன்வைத்த வங்கிப் பரிவர்த்தனைச் சோதனையில் 95 சதவீதப் பரிவர்த்தனைகள் ஒரு வினாடிக்குள் முடிய வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. காத்திருப்பவரின் கடிகாரமே நீதிபதி என்பது போட்டிக் களத்தில் அப்போதே ஏற்கப்பட்டிருந்தது. அன்றாட வேலையில், ஒவ்வொரு குவெரிக்கும் அந்தக் கடிகாரத்தைப் பொருத்தும் வழிதான் அதற்குப் பிறகு வந்தது.

அளப்பதே சுமையாகாதா என்பது இதற்கு எழுந்த முதல் மறுப்பு. அதில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் கடிகாரத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தால் அதற்கே நேரம் செலவாகும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் எக்ஸ்பிளெயின் அனலைஸ் போட்டால் சில கணினிகளில் குவெரி வழக்கத்தைவிடக் கணிசமாக மெதுவாக ஓடும். கடிகாரத்தைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கவே தனியாக ஒரு கருவியை அவர்கள் சேர்க்க வேண்டியிருந்தது. இதற்கு 2003இல் ஆரக்கிள் 10ஜி தந்த விடை சிறப்பானது. எல்லாவற்றையும் அளப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு வினாடியும் ஒருமுறை யார் யார் வேலையில் இருக்கிறார்கள், எந்தக் குவெரியில், எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று மட்டும் எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டது. அதிக நேரம் எடுக்கும் குவெரி அதிக முறை கண்ணில் படும் என்பதால், எத்தனை முறை பட்டது என்பதே நேரத்தின் மதிப்பீடாகிவிடுகிறது. செலவு மிகக் குறைவு; அதனால் எப்போதும் இயங்கவிடலாம். புகார் வந்த பிறகு அளவியைப் பொருத்தினால் நடந்து முடிந்ததைப் பார்க்க முடியாது. நேற்று மதியம் மூன்று மணிக்கு என்ன நடந்தது என்று இன்று கேட்டுப் பதில் பெற முடிந்தது இந்தத் தொழிலில் பெரிய மாற்றம்.

திறந்த மூல உலகம் இதே இடத்துக்கு வேறு பாதையில் வந்து சேர்ந்தது. மைஎஸ்கியூஎல்லில் ஸ்லோ குவெரி லாக் இருந்தது. குறிப்பிட்ட நேரத்தைத் தாண்டும் குவெரிகளை அது ஒரு கோப்பில் எழுதும். அதன் இயல்பான வரம்பு 10 வினாடி. வெகுகாலம் வரை அதை 1 வினாடிக்குக் கீழே இறக்க முடியவில்லை. மைக்ரோவினாடி அளவுக்குக் குறைக்க வழி செய்தது 2007இன் 5.1.21 பதிப்பு. இந்த வரம்பு எதை மறைத்தது என்பதை ஒரு எளிய கணக்கு காட்டும். இரவில் ஒருமுறை ஓடி 12 வினாடி எடுக்கும் அறிக்கைக் குவெரி லாக்கில் ஏறும். 20 மில்லிவினாடியில் முடிந்து, ஒரு நாளில் 3 லட்சம் முறை ஓடும் குவெரி ஏறாது. ஆனால் முன்னது எடுப்பது நாளுக்கு 12 வினாடி. பின்னது எடுப்பது 6,000 வினாடி, அதாவது 1 மணி 40 நிமிடம். பகல் முழுக்கப் பயனர்களைக் காக்கவைப்பது இதுதான். இதைப் பிடிக்க இரண்டு காரியங்கள் தேவை: வரம்பை இறக்குவது, மதிப்புகள் மட்டும் மாறி வடிவம் ஒன்றாக இருக்கும் குவெரிகளை ஒரே கணக்கில் சேர்ப்பது. வாடிக்கையாளர் எண் 41, 42, 43 என்று மாறும் மூன்று குவெரிகளும் ஒரே குவெரிதான். பாரன் ஷ்வார்ட்ஸ் தொடங்கிய மாட்கிட் கருவிகளில் இருந்த குவெரி டைஜெஸ்ட், மதிப்புகளை நீக்கிவிட்டு வடிவத்தின்படி தொகுத்து, மொத்த நேரத்தின் வரிசையில் அடுக்கிக் காட்டியது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் 2009இல் வந்த பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ், 2012இன் 9.2 பதிப்பிலிருந்து இதே தொகுப்பைத் தரவுத்தளத்துக்குள்ளேயே செய்தது. மெதுவான குவெரி எது என்ற கேள்வி, மொத்த நேரத்தை விழுங்கும் குவெரி எது என்று திருந்தியது இப்படித்தான்.

இரண்டாவது மறுப்பு வன்பொருள் சார்ந்தது. எஸ்எஸ்டி வந்துவிட்டது, நினைவகம் மலிந்துவிட்டது. இவ்வளவு பாடுபடுவதற்குப் பதிலாக இன்னும் பெரிய கணினி வாங்கினால் போகிறது என்பார்கள். டிஸ்க்குக்காகக் காத்திருப்பதுதான் பெரும் பங்கு என்றால் அது நல்ல யோசனைதான். ஆனால் அப்படித்தானா என்பதைச் சொல்வதற்கே நேரக் கணக்கு வேண்டும். பூட்டுக்காகக் காத்திருக்கும் குவெரிக்கு எந்த எஸ்எஸ்டியும் உதவாது. பூட்டைப் பிடித்து வைத்திருக்கும் மற்றவரின் பரிவர்த்தனையைச் சுருக்குவதுதான் மருந்து. அட்டவணை முழுவதையும் படிக்கும் குவெரியின் வேலை தரவோடு சேர்ந்து வளரும். இந்த ஆண்டு வாங்கிய இரட்டிப்பு வேகத்தைத் தரவு இரட்டிப்பாகும் நாளில் அது தின்றுவிடும். ஒரு பட்டியலை எடுத்துவிட்டு, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு குவெரி அனுப்பும் பழக்கம் நிரலர் சார்பில் குவெரிகளைத் தாமே எழுதித்தரும் இன்றைய ஓஆர்எம் கருவிகளால் எளிதில் நுழைந்துவிடுகிறது. ஒவ்வொரு குவெரியும் மின்னல் வேகம். நூற்றுக்கணக்கில் சேரும்போது பக்கம் திறக்கத் திணறும். வேகமான கணினி வீண் வேலையை வேகமாகச் செய்யும். அது வீண் என்று சொல்லாது.

மூன்றாவது மறுப்புதான் இன்று வலுவானது. தரவுத்தளங்கள் தங்களைத் தாங்களே சரிசெய்துகொள்ளத் தொடங்கிவிட்டன. இனி மனிதக் கண்காணிப்பு எதற்கு என்கிறார்கள். எஸ்கியூஎல் சர்வர் 2016இல் குவெரி ஸ்டோரைக் கொண்டுவந்து, ஒவ்வொரு குவெரியும் எந்தச் செயல்திட்டத்தில், அதாவது எந்த வழியில், எவ்வளவு நேரம் எடுத்தது என்ற வரலாற்றைச் சேமித்தது. 2017இல், புதிய செயல்திட்டம் பழையதைவிட மோசமானால் தானாகவே பழையதற்குத் திரும்பும் வசதி வந்தது. ஆரக்கிள் 19சி இன்டெக்ஸ்களைத் தானே உருவாக்கிச் சோதித்து, பயனில்லாவிட்டால் நீக்குகிறது. இவற்றை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் இவை எதன்மேல் நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். மதிப்பீட்டை நம்பாமல், நடந்ததின் நேரத்தை அளந்து அதை வைத்து முடிவெடுக்கின்றன. 1979இன் ஊகம் அளவீட்டுக்கு முன் தலைவணங்கியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கண்காணிப்பு மறைந்துவிடவில்லை, தரவுத்தளத்தின் உள்ளே குடியேறியிருக்கிறது.

அதற்கு எல்லையும் இருக்கிறது. சென்னை, தமிழ்நாடு எடுத்துக்காட்டுக்கே திரும்புவோம். இரண்டு பத்திகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்று போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்குச் சொல்ல வழி கிடைத்தது 2017இன் 10ஆம் பதிப்பில்தான். அதுவும் தானாக நடப்பதில்லை. எந்தப் பத்திகள் அப்படிப்பட்டவை என்று ஒருவர் கட்டளையிட வேண்டும். அவர் அதைக் கண்டுகொள்வது ஒரு மெதுவான குவெரியைப் பிரித்துப் பார்த்தபோதுதான். இதைவிட முக்கியமானது, இந்தக் குவெரி தேவைதானா என்ற கேள்வி. முகப்புப் பக்கத்தில் மொத்த எண்ணிக்கையை ஒவ்வொருமுறையும் புதிதாக எண்ண வேண்டுமா, ஐந்து நிமிடப் பழைய எண் போதுமா? அறிக்கை வணிக நேரத்தில் ஓட வேண்டுமா, இரவில் ஓடலாமா? செலவைக் குறைக்கும் வழிகளில் மிகச் சிறந்தது வேலையையே செய்யாமல் விடுவது. அந்த முடிவை எடுக்கும் அறிவு அட்டவணைகளுக்குள் இல்லை, அவற்றைப் பயன்படுத்தும் மக்களின் தேவைக்குள் இருக்கிறது.

ரயில் டிக்கெட், வங்கிக் கணக்கு, மருத்துவமனைப் பதிவு என்று வாழ்க்கையின் பெரும்பகுதி இன்று தரவுத்தளங்களின் வழியாகவே நடக்கிறது. வழியைத் தேர்ந்தெடுக்கும் வேலையை 1970களில் இயந்திரத்திடம் ஒப்படைத்தோம்; அதைத் திரும்பப் பெறத் தேவையில்லை, பெறவும் கூடாது. ஆனால் ஒப்படைத்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் கடமையும் உண்டு. அந்தக் கணக்கு பயனரின் நேரத்தில் எழுதப்பட வேண்டும், புகார் வருவதற்கு முன்பிருந்தே எழுதப்பட்டுவர வேண்டும், ஒவ்வொரு குவெரியின் பெயரிலும் எழுதப்பட வேண்டும். இந்த மூன்றும் இன்று பெரும்பாலான தரவுத்தளங்களில் கூடுதல் செலவில்லாமலோ சிறு செலவிலோ கிடைக்கின்றன. ஸ்லோ குவெரி லாக்கை அணைத்துவைத்து, சராசரி சிபியு பயன்பாட்டை மட்டும் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் எந்த அமைப்பும் 1980களின் தவறை அறிந்தே திரும்பச் செய்கிறது.